கடலில் விழுந்தால் பரவாயில்லையா?

2021 மே 8ஆம் திகதி இரவு. நோன்பு காலம். தராவீஹ் தொழுதுவிட்டு, பேருவளையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் வானத்தைப் பார்த்தபடி நின்றேன். சீனாவின் லோங் மார்ச் 5பி ரொக்கட்டின் கூடு, ஏறத்தாழ 20 தொன் எடையுள்ளது, கட்டுப்பாடின்றிப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கே விழும் என்று எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. அதன் பாதைக்குக் கீழே நமது நாடும் கிடந்தது. மழைமேகத்தில் ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு நானா கேட்டார்: "இன்னும் படுக்கல்லியா? அது கடல்லதானே விழும்!"

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன்னர் மாலைதீவுக்கு அருகே இந்து சமுத்திரத்தில் விழுந்தது. ஊரே பெருமூச்சு விட்டது.

நான் கேட்கிறேன்: கடல் என்ன ஆளில்லாத இடமா? எங்கள் துறைமுகத்துப் பலநாள் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்பவை. என் ராத்தாவின் மகனும் அன்று மாலைதீவுப் பக்கம்தான் இருந்தான். இப்படியொன்று விழப்போவதாகத் தங்கள் படகுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை என்று கரைக்கு வந்தபின் சொன்னான்.

படகொன்றின் மேல் விழும் வாய்ப்பு மிக அற்பம் என்பார்கள். உண்மைதான். ஆனால் 2022 நவம்பரில் இதே வகைக் கூடொன்று விழவிருந்தபோது ஸ்பெயின் தன் வான்பரப்பின் ஒரு பகுதியை மூடியது. அந்த அற்ப வாய்ப்புக்காக அங்கே விமானங்கள் காத்து நின்றன. இங்கே மீனவனுக்கு ஒரு சொல்கூட இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏவிய நாடே நட்டத்துக்குப் பொறுப்பு என்று 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. 1978இல் கொஸ்மோஸ் 954 என்ற அணு உலைச் செய்மதி கனடாவில் விழுந்தது. கனடா துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக் கணக்கு அனுப்பியது. சோவியத் யூனியன் 30 இலட்சம் கனேடிய டொலர் கொடுக்க உடன்பட்டது. 1979இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் மேற்கு அவுஸ்திரேலியாவில் சிதறியபோது, எஸ்பெரன்ஸ் பிரதேச சபை குப்பை கொட்டியதற்காக நாசாவுக்கு 400 டொலர் தண்டம் விதித்தது. நிலத்தில் விழுந்தால் துண்டே சாட்சி. கடலில் விழுந்தால் சாட்சியும் மூழ்கிவிடும். பிறகு யார் மேல் வழக்கு வைப்பது?

வேறு வழி இல்லாமலில்லை. 2001இல் ரஷ்யா தன் மீர் விண்வெளி நிலையத்தை நாள் குறித்து, இடம் குறித்து, முன்கூட்டியே அறிவித்துத் தென் பசுபிக்கில் இறக்கியது. அதுவும் கடல்தான், ஆனால் எங்கே, எப்போது என்பது தெரிந்திருந்தது. அதற்கு எரிபொருள் வேண்டும், இயந்திரம் வேண்டும், செலவாகும். அந்தச் செலவை மிச்சம் பிடிப்பவர்கள் நம் மீனவர்களின் தலைக்கு மேலேதான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அமெரிக்கா என்றால் மேசையில் அடித்துப் பேசும் நம்மவர்களின் நாக்கு, சீனா என்றதும் ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது? கடன் கொடுத்தவன் எறிந்தால் கல் வலிக்காதோ?

நானாவுக்கு அன்றிரவு நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கடலில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அடுத்த கூடு இறங்குமுன் ஆழ்கடலில் நிற்கும் ஒவ்வொரு படகின் வானொலிக்கும் அறிவித்தல் போகட்டும். ஏவிய நாட்டிடம் நமது அரசு எழுத்தில் விளக்கம் கேட்கட்டும். குறைந்தபட்சம் இவ்வளவையாவது கேட்க நமக்கு வாய் வேண்டும்.