தேய்மானமும் கணிப்பொறியும்

தறி ஓடுங்கால் துணி வளர்கிறது; தறியோ தேய்கிறது. உழவர் மருந்து தெளிக்கும் கருவியும், விற்பனை நிலையத்து அலமாரியும் அவ்வாறே. அத்தேய்வைச் செலவில் எழுதாமல் லாபம் காண்போமாயின், அங்கத்தினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது லாபமன்று, சங்கத்தின் முதலேயாகும்.

1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும், 1935-இல் கோ-ஆப்டெக்ஸும் தோன்றிய நாட்களில் இக்கணக்கைப் பேரேட்டில் கையால் போட்டனர். இன்று கணிப்பொறியின் விரிதாள் நொடியில் போட்டுத் தருகிறது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும்.

ரூ. 40,000 விலையுள்ள ஏர்கண்டிஷனர் ஒன்றைக் கொள்வோம். ஆயுள் 10 ஆண்டு. முடிவில் கிடைக்கும் விலை ரூ. 4,000. 'எஸ்.எல்.என்.' என்னும் வாய்பாடு ஆண்டுதோறும் சமமாக ரூ. 3,600 கழிக்கும். 'டி.பி.' என்பது குறைந்துவரும் மதிப்பின்மேல் கழிப்பது. அது முதலாண்டில் ரூ. 8,240-உம், மறு ஆண்டில் ரூ. 6,543-உம் காட்டும். இரண்டும் பிழையற்றவையே. எது பொருந்தும் என்பதைக் கணிப்பொறி சொல்லாது. ஒன்றைத் தேர்ந்தபின் ஆண்டுக்கொரு முறையாக மாற்றுவதும் தகாது.

தென்சென்னையில் நாம் பார்வையிட்ட ஒரு சங்கத்தில், இத்தகைய பொருளின் ஆயுளை 20 ஆண்டு எனத் திருத்தியிருந்தனர். மேற்கண்ட கணக்கில் அவ்வாறு செய்தால் தேய்மானம் ரூ. 1,800 ஆகக் குறையும். லாபம் அதே அளவு உயரும். ஒரு முழத் துணியேனும் அதிகமாக விற்றதா? இல்லை. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் கடற்காற்றின் உப்பு இரும்பை அரிப்பதை யாவரும் அறிவர். அந்த உப்பு விரிதாளுக்குத் தெரியாது. நிர்வாகக் குழுவினருக்குத் தெரிய வேண்டாமா?

மற்றொன்றும் உண்டு. தேய்மானம் ஏட்டில் எழுதும் செலவு; அதனால் மட்டும் பணம் சேர்ந்துவிடாது. அத்தொகையைத் தனி வைப்பாகப் போட்டு வந்தாலன்றி, பழைய பொருள் ஓயும் நாளில் புதியது வாங்கக் கடனையே நாட வேண்டிவரும்.

ஆகவே அங்கத்தினர்களே! அடுத்த மகாசபையில் ஐந்தொகையைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆயுளை நிர்ணயித்தவர் யார்? முறை சென்ற ஆண்டுக்குரியதுதானா? கழித்த தொகை எங்கே இருக்கிறது? கூட்டல் கழித்தலைக் கணிப்பொறி பார்த்துக்கொள்ளும். இக்கேள்விகளைக் கேட்க வேண்டியவர் நீங்களே.