ஒரே ஒரு பீஸ்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றால் ஹூண்டாய். அதே ஊரில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கார் பந்தயத் தடமும் இருக்கிறது. சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் சொந்தமாகத் தடம் அமைத்து இங்கே வந்தது. ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளிவந்தது 1998இல்தான். இந்த வட்டாரத்தில் கார் ஆலைக்கு முன்பே கார் பந்தயம் வந்துவிட்டது.

அந்தத் தடத்தில் ஓட்டுவதற்காக நண்பர் ஒருவர் தன் காரில் டர்போ மாட்டினார். மாட்டியவருக்கு ஒரு சின்ன அலுமினியப் பாகம் தேவைப்பட்டது. விரல் நீளம்கூட இருக்காது. அதைச் செய்து தர ஆள் தேடி அவர் அலைந்த கதையைக் கேட்டபோதுதான் எனக்கு இதை எழுதத் தோன்றியது.

பாகம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இன்ஜினில் இன்ஜெக்டர்கள் எல்லாம் ஒரு குழாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மெக்கானிக்குகள் அதை ரெயில் என்பார்கள். ரெயிலில் பெட்ரோல் பெரும்பாலும் 3 பார் அழுத்தத்தில் நிற்கும். பழைய வண்டிகளில் ரெயிலின் முனையிலேயே பிரஷர் ரெகுலேட்டர் இருந்தது. உள்ளே ஒரு டயாஃப்ரம், அதை அழுத்தும் ஸ்பிரிங், மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் வழி. மேல்மூடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டில் காற்றழுத்தம் ஏறினால் ரெயில் அழுத்தமும் கூடவே ஏறும், இறங்கினால் இறங்கும். இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும் மாறாது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் தகடும் செய்கிற இந்த வேலையைப் பார்த்து எனக்கு இன்றும் வியப்புதான்.

புது வண்டிகளில் ரிட்டர்ன் லைனே கிடையாது. ரெகுலேட்டர் பம்போடு டேங்குக்குள் போய்விட்டது. மேனிஃபோல்டில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, எப்போதும் அதே 3 பார்தான். சாதாரண ஓட்டத்தில் குறை ஒன்றுமில்லை, மீதியை கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். டர்போ 1 பார் காற்றைத் தள்ளும்போதுதான் கணக்கு உதைக்கிறது. இன்ஜெக்டருக்குப் பின்னால் 3, எதிரே 1, மிச்சம் 2. பாய்கிற பெட்ரோல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் சுமார் 18 சதவீதம் குறைந்துவிடும். அதுவும் இன்ஜின் முழு மூச்சில் ஓடும் நேரத்தில், பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரத்தில். டியூனிங்கில் அதை ஈடுகட்டாவிட்டால் பிஸ்டன் உருகும். ஆகவே ரெகுலேட்டரை ரெயில் பக்கம் திரும்பக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கும் ரெகுலேட்டரின் ஹோஸ் இந்த ரெயிலில் பொருந்தாது. நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். ஒரு முனை ரெயிலின் குழிக்குள் ஓ-ரிங்கோடு இறங்க வேண்டும், மறுமுனையில் 37 டிகிரி சாய்வோடு ஏஎன்-6 மரை, நடுவில் இரண்டு போல்ட்டுக்கு ஒரு காது.

ஓரகடத்தில் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு. சுற்றிலும் அவர்களுக்குப் பாகம் செய்யும் கம்பெனிகள், மைக்ரான் கணக்கில் வேலை செய்யும் சிஎன்சி மெஷின்கள். நண்பர் டிராயிங்கோடு போன இடத்திலெல்லாம் மரியாதைக்குக் குறைவில்லை. டீ கூடக் கொடுத்தார்கள். கடைசியில் ஒரே கேள்வி: "மாசம் எத்தனை பீஸ் சார்?" ஒன்று என்றதும் பேச்சு முடிந்துவிடும்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. புரோகிராம் எழுதி, ஃபிக்சர் போட்டு, டூல் செட் பண்ணி, முதல் பீஸை அளந்து ஓகே செய்வதற்குள் அரை நாள் போய்விடும். அந்த அரை நாளைப் பத்தாயிரம் பீஸின் தலையில் கட்டினால் காசு கணக்கில்கூடத் தெரியாது. ஒரே பீஸின் தலையில் கட்டினால் யார் கொடுப்பது?

கடைசியில் வேலை நடந்தது திருமுடிவாக்கம் சிட்கோ பக்கம் ஒரு ஷெட்டில். பழைய லேத், ஒரு மில்லிங் மெஷின், ஐடிஐ படித்துவிட்டு முப்பது வருஷமாக டர்னராக இருக்கும் ஒருவர். நானும் கூடப் போயிருந்தேன். அலுமினியம் டூல் நுனியில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் ஃபினிஷ் போகும். அதற்காகச் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டே கடைந்தார். 2.4 மி.மீ. ஓ-ரிங்குக்குப் பள்ளம் 1.9 மி.மீ. ஆழம். முனையில் சாய்வு வெட்டி, பிசிறை விரலால் தடவிப் பார்த்து எடுத்தார். பிசிறு இருந்தால் உள்ளே இறங்கும்போதே ஓ-ரிங் அறுந்துவிடும். ஓ-ரிங்கும் விட்டான் ரப்பரில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கவைத்தார். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஆயிற்றே.

பிரஷர் கேஜுக்கு 1/8 அங்குல மரை போடும் இடத்தில் நிறுத்திக் கேட்டார்: "கேஜ் அமெரிக்காதா, நம்ம ஊருதா?" அமெரிக்க என்பிடி மரையில் அங்குலத்துக்கு 27 பல், நம் கடைகளில் புழங்கும் பிஎஸ்பியில் 28. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று சுகமாக ஏறும். பிறகு இறுகும், சரியாகப் பிடித்துவிட்டது என்று நினைக்கவைக்கும். 3 பாரில் கசியும் பெட்ரோல் சைலன்ஸர் குழாய் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

நடுவில் ஓரகடத்து ஆலை ஒன்றின் மெயின்டனன்ஸ் ஆட்கள் இருவர் பைக்கில் வந்து இறங்கினார்கள். கையில் தேய்ந்துபோன ஒரு புஷ். "அண்ணே, லைன் நிக்குது, முதல்ல இதைப் போட்டுக் குடுங்க." டர்னர் திரும்பிப் பார்க்கவில்லை. "சக்கை விட்டுக் கழட்டினா சென்டர் போயிடும் தம்பி. பத்து நிமிஷம் நில்லுங்க." நின்றார்கள். அந்த ஆலைக்குப் புது புஷ் வெளிநாட்டிலிருந்து வந்து சேர வாரக்கணக்காகும் என்று அவர்களே சொன்னார்கள். இந்தத் தொழிற்பட்டையைப் பற்றி வரும் புள்ளிவிவரங்களில் வருஷத்துக்கு இத்தனை லட்சம் கார் என்று இருக்கும். லைன் நின்ற இரவில் அதை ஓடவைத்த ஷெட் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதைவிட எனக்குக் கவலையானது, அவரிடம் வேலை பழக யாரும் இல்லை என்பது. ஐடிஐ முடித்த பையன்கள் நேராகக் கம்பெனிக்குள் போய் சிஎன்சியில் பட்டன் அழுத்துகிறார்கள். ஏசி, யூனிஃபார்ம், கேன்டீன், பஸ். யார்தான் மண்ணெண்ணெய் நாற்றத்தில் நிற்பார்கள்?

ரெயிலில் இப்படிக் கைவைப்பது பந்தய வண்டிக்கு மட்டும்தான், அதிலும் விதி இடம்கொடுக்கும் பிரிவில் மட்டும். எல்லாருக்கும் ஒரே வண்டி என்று ஓடும் பந்தயங்களில் இதைத் தொட்டாலே ஸ்குரூட்டினியில் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

அடாப்டரை மாட்டியபின் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பம்பை மட்டும் ஓடவிட்டார்கள். ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் டிஷ்யூ சுற்றிக் கால் மணி நேரம் பார்த்தார்கள். டிஷ்யூ நனையவில்லை, கேஜ் முள் 3இல் நின்றது. கையோடு ஸ்பேருக்கு இன்னொன்றும் செய்து வாங்கிவிடலாம் என்று நண்பர் டர்னருக்குப் போன் போட்டு ரேட் கேட்டார்.

"ரெண்டாவது பீஸ் பாதி ரேட்டுதான் சார். டிராயிங்கை நான் தூக்கிப் போடலை."