காவல்கிணறு காற்றும் ஒரகடத்து வண்டியும்

ஆடி மாதப் பிற்பகலில் பணகுடியைத் தாண்டித் தெற்கே காவல்கிணறு நோக்கி தேசிய நெடுஞ்சாலை 44இல் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அது முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வாயைத் திறக்கும். முப்பந்தல் காற்றாலைகள் எதற்காக அங்கே நட்டுவைக்கப்பட்டனவோ அந்தக் காற்று முழுவதும் வண்டியின் வலது விலாவில் வந்து விழும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும். பக்கத்துத் தடத்தில் ஒரு லாரி வந்து காற்றை மறைத்தால், ஒடித்துப் பிடித்த அந்த ஸ்டியரிங்கே வண்டியை லாரியின் மேல் கொண்டுபோகும். லாரி விலகியதும் காற்று மறுபடி அறையும். காவல்கிணற்றில் நாகர்கோவில் பக்கம் திரும்பிவிட்டால் பெரும்பாலும் அதே காற்று முகத்துக்கு நேராகிவிடும். அதன் பிறகு டீசல்தான் கூடச் செலவாகும், கை வலிக்காது.

இந்த இதழை வாசிக்கும் பாடி கட்டுநர்களுக்கும் சேசிஸ் பொறியாளர்களுக்கும் அந்தச் சில கிலோமீட்டர் ஏன் முக்கியம்? கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் திருவனந்தபுரத்தில் அறிமுகமான பாரத்பென்ஸ் சுற்றுலா கேரவன் 1017 சேசிஸின் மேல் கட்டப்பட்டது. அந்த நிறுவனத்தின் ஆலை நம் ஒரகடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றது. ஒரகடத்தில் பிறக்கும் சேசிஸ் கேரளத்துக்குப் போக வேண்டுமானால் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மலை விட்டுக்கொடுத்த இடங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் அவைதான் வாசல்கள். படப்பிடிப்புக்காக சென்னையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பல ஆண்டுகளாகப் போய்வரும் கேரவன் ஓட்டுநர்களைக் கேட்டுப் பாருங்கள். கோவை–பொள்ளாச்சிச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, பாலக்காட்டுக் காற்று மேற்கிலிருந்து வருகிறது. வண்டி 'அலையுது' என்பார்கள், 'தள்ளுது' என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டுக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

பக்கக்காற்றில் வண்டி தடுமாறினால் பழி ஓட்டுநர் மேல் விழுவதுதான் நம் துறையின் வழக்கம். "மெதுவாகப் போயிருக்கலாமே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மெதுவாகப் போவது சரிதான். ஆனால் அந்த வண்டி காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பது, ஓட்டுநர் சாவியைத் தொடும் முன்பே, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று நம் பட்டறையில் ஒருவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபோதே பெருமளவு முடிவாகிவிட்டது. கேரவன் கட்டுகிறவர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக ஏற்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் விசையின் அளவைப் பார்ப்போம். வண்டி 80 கி.மீ. வேகத்தில் போகிறது. பக்கத்திலிருந்து செங்குத்தாக 60 கி.மீ. காற்று. இரண்டும் சேர்ந்தால், பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம்தான், வண்டி உணரும் காற்று 100 கி.மீ. அது மூக்கிலிருந்து சுமார் 37 பாகை விலகி வருகிறது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 நியூட்டன் அழுத்தம். பக்கச் சுவர் 25 சதுர மீட்டர் என்றும் பக்கவிசைக் கெழு முக்கால் என்றும் வைத்தால் 8,600 நியூட்டன் வருகிறது. ஏறக்குறைய 880 கிலோ எடையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்ததற்குச் சமம். 10 டன் வண்டிக்கு இது 5 பாகை பக்கச் சரிவுள்ள சாலையில் ஓட்டுவது போன்றது. வேகத்தை 60க்கு இறக்கினால் அழுத்தம் 28 சதவீதம் குறையும். ஆனால் காற்று வரும் கோணம் 45 பாகையாக விரிவதால் அந்த லாபத்தில் ஒரு பகுதி கையை விட்டுப் போகும். வேகம் குறைப்பதன் பெரிய பலன் வேறு. ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிய வண்டி இப்போது 17 மீட்டர்தான் ஓடுகிறது, ஓட்டுநர் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

ஆனால் அந்த 880 கிலோவைவிட, அது எங்கே விழுகிறது என்பதுதான் வண்டியைத் திருப்புகிறது. பெட்டி வடிவ வண்டியில் பக்கக்காற்று விசையின் மையம் நடுவுக்கு முன்னால் விழுகிறது. முன், பின் டயர்களின் பக்கப்பிடிப்பைச் சேர்த்துப் பார்த்தால் அதற்கும் ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. காற்று மையம் அந்தப் புள்ளிக்கு முன்னால் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவுக்கு மூக்கு காற்றோடு திரும்பும். வண்டியின் எடை மையமும் பின்னால் போய்விட்டால், நேராக நிற்க வேண்டும் என்ற பிடிவாதமும் வண்டிக்குக் குறைந்துவிடும்.

எடை மையத்தைப் பின்னுக்கு இழுப்பதில் கேரவனை மிஞ்ச ஆளில்லை. கட்டில் பின்னால், அதன் அடியில் பேட்டரிகள், பின் ஓவர்ஹேங்கில் ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் தண்ணீர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீல்பேஸ் 5 மீட்டர், பின் ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் 300 லிட்டர் தொட்டி. நிரப்பினால் பின் ஆக்சிலில் ஏறுவது 300 கிலோ அல்ல, 420 கிலோ. மீதி 120 கிலோ எங்கிருந்து வந்தது? முன் ஆக்சிலிலிருந்து. ஒரு தொட்டி ஸ்டியரிங் சக்கரங்களின் காலடியிலிருந்து 120 கிலோவைத் தூக்கிவிடுகிறது. ஜெனரேட்டர், பேட்டரி, பின்னால் தொங்கவிட்ட சைக்கிள்கள் என்று இதே கணக்கைத் தொடர்ந்தால், முன் டயர்கள் சாலையைப் பிடிக்காமல் தொட்டுக்கொண்டு மட்டும் போகும் நிலை வருகிறது. பயணத்தின் நடுவே தொட்டி காலியாகும், கழிவுத் தொட்டி நிரம்பும். காலையில் ஒரு வண்டி, மாலையில் வேறு வண்டி. பின் ஓவர்ஹேங் வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்வது நீளத்துக்கான எல்லை. அந்த 60 சதவீதத்துக்குள் எதை வைக்கிறோம் என்பதை விதி நமக்காக யோசிக்காது.

தண்ணீரை இரண்டு ஆக்சில்களுக்கு நடுவில், தளத்துக்குக் கீழே வையுங்கள். பேட்டரியையும் அங்கேயே. குழாய் நீளுகிறது, ஒயர் நீளுகிறது, செலவு கூடுகிறது என்ற எதிர்ப்பு உங்கள் பட்டறையிலிருந்தே வரும். வரட்டும். கூரைமேல் ஏசி, சோலார் தகடு, வெயில் மறைப்பு என்று மேலே ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் வண்டியைச் சாய்க்கிறது. பட்டை ஸ்பிரிங் வண்டியில் உடல் சாய்ந்தால் ஆக்சிலும் ஒரு நூல் திரும்பும், ஓட்டுநர் தொடாமலே வண்டி ஸ்டியரிங் போடும்.

'தள்ளுது', 'அலையுது' என்ற பேச்சுக்கு வருகிறேன். காற்று அடித்ததும் வண்டி ஒரு பக்கம் போய், திருத்தியதும் திரும்பினால் அது தள்ளுவது. இயற்பியல் அப்படித்தான். காற்று நின்ற பிறகும் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிக்கொண்டே போனால் அது அலைவது, அதற்குக் காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. டிராக் லிங்க் பால் ஜாயின்ட், கிங் பின், ஸ்பிரிங் புஷ், ஸ்டியரிங் பெட்டி, இவற்றில் எங்கோ ஒரு ஆட்டம். காற்று அதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறது, அவ்வளவே. ஸ்டியரிங் பெட்டித் திருகை இறுக்கி ஆட்டத்தை மறைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அது ஆபத்தானது. வளைவில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. தேய்ந்ததை மாற்றுங்கள், இறுக்காதீர்கள்.

டயர் காற்றைப் பற்றி நம் ஆட்களுக்கே சொல்ல வேண்டியிருப்பது வருத்தம்தான். டயர் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அது இல்லை. ஆக்சில்வாரியாக எடை தெரிந்தால்தான் டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையில் சரியான அழுத்தத்தைப் பார்க்க முடியும். ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. டயரும் ஒரகடத்தில் அப்போலோவும் இருக்கும்போது அந்த அட்டவணை நமக்கு எட்டாத பொருள் அல்ல. ஏர் சஸ்பென்ஷன் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. உயர வால்வு தவறாக வைக்கப்பட்டுப் பின்பக்கம் உயர்ந்தாலோ முன்பக்கம் தாழ்ந்தாலோ காஸ்டர் கோணம் குறையும். நேராக நிற்க வைக்கும் அந்தச் சாய்வை இழந்த வண்டியை எந்த அலைன்மென்ட் கடையும் டோ மட்டும் திருத்திச் சரிசெய்ய முடியாது. முதலில் உயரம், பிறகு காஸ்டர், கடைசியாக டோ.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் தடித்த ஆன்டிரோல் பார், பின் ஆக்சிலுக்கு டிராக் பார், ஸ்டியரிங் டேம்பர். மேல்நாட்டுக் கேரவன் சந்தையில் இவற்றுக்குப் பெரிய வியாபாரம் உண்டு. பட்டை ஸ்பிரிங் வண்டியில் பின் ஆக்சில் பக்கவாட்டில் நகர்வதை டிராக் பார் உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறது. டேம்பரோ ஓட்டுநரின் கைக்கு வரும் அதிர்வை மட்டும் குறைக்கிறது, காற்றைக் குறைப்பதில்லை. எடையைத் திருத்தாமல் டேம்பரை விற்பது வாடிக்கையாளரை ஏமாற்றுவது என்றே நான் கருதுகிறேன்.

வடிவம் பற்றி ஒரு வார்த்தை. எல்லா மூலைகளையும் உருட்டி அழகாக்கும் ஆசை கரூர் முதல் ஒரகடம் வரை எல்லா வடிவமைப்பாளர்களுக்கும் உண்டு. முன் மூலைகளை உருட்டினால் எதிர்காற்று இழுவை குறையும், நல்லது. பின்புறச் செங்குத்து விளிம்புகளையும் உருட்டினால் பின்பகுதியில் விழும் பக்கவிசை குறையும். மூக்கு திரும்பாமல் பிடித்து நிறுத்துவது அந்தப் பின்பகுதி விசைதான். பின் விளிம்பைக் கூராக விடுவது காற்றில் வண்டியை நேராக்கும்.

மின்னணுக் கருவி காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது. மெர்சிடிஸ் 2013 ஸ்பிரின்டரில் கொண்டுவந்த பக்கக்காற்று உதவி நல்ல பொறியியல். காற்று அடிக்கும் பக்கத்துச் சக்கரங்களில் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குகிறது. ஆனால் அது விழிப்பது 80 கி.மீ.க்கு மேல். நம் வாடகை வண்டிகளை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80இல் நிறுத்திவைக்கிறது. இறக்குமதி செய்த எல்லையோடு அந்தக் கருவி இங்கே தூங்கிக்கொண்டிருக்கும். ஒரகடத்துப் பொறியாளர்கள் நம் வேகத்துக்கும் நம் காற்றுக்கும் அதை அளவுதிருத்த வேண்டும்.

அதற்கு அளவு வேண்டும். மோட்டார் கேரவன்களுக்கான ஏ.ஐ.எஸ். 124 தரம் நம்மிடம் உண்டு. நின்ற வண்டியைச் சாய்த்துப் பார்க்கும் சோதனை எத்தனை பாகையில் கவிழும் என்று சொல்லும். ஓடும் வண்டியைக் காற்று அறைந்தால் அடுத்த இரண்டு நொடியில் எவ்வளவு விலகும் என்பது வேறு கேள்வி. வரிசையாக விசிறிகளை நிறுத்தி அவற்றின் முன்னால் ஓட்டி அளக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 12021 வகுத்திருக்கிறது. ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஓடுதளத்தோடு இருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசிய காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. அதன் சோதனை நிலையம் கயத்தாறில், அதே 44ஆம் சாலையை ஒட்டி. காற்றை அளப்பவர்களும் வண்டியை அளப்பவர்களும் ஒரே மாநகரின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு நிறுவனங்களும் ஒரே ஒரு ஆடி மாதம் சேர்ந்து, முழுச் சுமை ஏற்றிய கேரவனைப் பணகுடிக்கும் காவல்கிணற்றுக்கும் இடையே ஓட்டி அளந்தால், நம்மிடம் இல்லாத ஒரு அட்டவணை கிடைக்கும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவந்தது, யாரும் ரயில் ஓட்டுநரின் திறமையைச் சோதிக்கவில்லை. கேரவன் ஓட்டுநருக்கு அப்படி ஒரு எண்ணை இதுவரை நாம் கொடுத்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு நீங்கள் கட்டி முடிக்கும் ஒவ்வொரு கேரவனையும் ஒப்படைக்கும் முன் எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர்த் தொட்டி நிறைந்தும் காலியாகவும், முன் ஆக்சில் தனி, பின் ஆக்சில் தனி, நான்கு எடைகள். ஒரு மணி நேர வேலை, சில நூறு ரூபாய்ச் செலவு. அந்தச் சீட்டின் நகல் ஒன்றை ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒட்டுங்கள், ஒன்றை இந்த இதழுக்கு அனுப்புங்கள். நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் வேண்டாம். வீல்பேஸும் தொட்டி இருக்கும் இடமும் போதும். வந்து சேர்ந்தவற்றை ஆனி இதழில் ஒரே அட்டவணையாக வெளியிடுகிறோம், ஆடிக்காற்று தொடங்கும் முன் அது உங்கள் கையில் இருக்கும்.