குறுக்கு வழி என்று சொல்லாதீர்

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், உடல் எடையைக் குறைத்துக்கொள்ளும் பொருட்டுச் சென்னைப் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரணசிகிச்சைக்காகச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை என்ற செய்தியும், அரசாங்கம் விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது என்ற செய்தியும் பத்திரிகைகளில் வந்தபோது, மேட்டூர்ச் சதுரங்காடியின் தேநீர்க் கடைகளில் அந்த மரணத்தைப் பற்றி எழுந்த பேச்சு இரண்டே வகையாக இருந்தது. “வாயைக் கட்டியிருந்தால் போதுமே, வயிற்றை எதற்கு அறுத்துக்கொள்ள வேண்டும்?” என்பது ஒன்று. “நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போயிருந்தால் நாலே மாதத்தில் ஆள் மெலிந்து வந்திருப்பான்” என்பது மற்றொன்று. முன்னது ஏளனம், பின்னது ஆசை; ஆயினும் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான். இரைப்பையைக் குறைக்கும் சிகிச்சை, பாடுபடாமல் உடம்பை இளைக்கச் செய்யும் குறுக்கு வழி என்ற நம்பிக்கை அது. ஏளனம் செய்கிறவர் அதைக் குற்றமாகச் சொல்கிறார். ஆசைப்படுகிறவர் அதையே குணமாகச் சொல்கிறார். அந்த நம்பிக்கை முழுப் பொய் என்பதும், சிகிச்சை தேவைப்படாதவரை மேஜையில் ஏற்றுவதும் தேவைப்படுகிறவரை வெட்கப்படுத்தி வீட்டில் இருத்துவதும் அந்த ஒரே பொய்தான் என்பதும் என் துணிபு.

முதலில் அந்தச் சிகிச்சை இன்னது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஜனங்கள் ‘ஸ்லீவ் ஆபரேஷன்’ என்று சொல்லும் இதில், வயிற்றில் நாலைந்து சிறு துளைகளிட்டு, காமிரா வழியே பார்த்து, இரைப்பையின் வெளிப்புற வளைவை ஒட்டி ஸ்டேப்ளர் கருவியால் வெட்டியும் தைத்தும், ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் நிரந்தரமாக எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழல். எடுத்த பாகத்தை மறுபடி வைக்க வழியில்லை. 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த ‘கிரெலின்’ என்னும் பசியூக்கும் சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல்முகட்டில்தான் உற்பத்தியாகிறது. அந்த முகடும் வெட்டிய பாகத்தோடு போய்விடுவதால் முதல் சில மாதங்களில் பசியே மங்கிவிடுகிறது. இன்னொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. இந்தச் சிகிச்சை தனிச் சிகிச்சையாகத் தோன்றியதன்று. மிகுந்த ஸ்தூல சரீரிகளுக்குக் குடலையும் மாற்றியமைக்கும் பெரிய ரணசிகிச்சையை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்பதால், அதன் முதற்கட்டத்தை மட்டும் முன்னதாகச் செய்து பார்த்தார்கள். அந்த முதற்கட்டத்திலேயே பலர் போதிய அளவு இளைத்ததைக் கண்டு அதனைத் தனியாக நிறுத்தினார்கள். பிறப்பிலேயே ஆரம்பமாக இருந்த ஒன்றை முடிவென்று ஊர் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இனி, வாயைக் கட்டச் சொல்கிறவர்களுக்கு. 2015–16இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்களாக இருந்தார்கள். 2019–21இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் அது 40.4 ஆயிற்று. இந்த நாலைந்து ஆண்டுகளுக்குள் தமிழ்ப் பெண்களின் ஒழுக்கமும் மன உறுதியும் திடீரென்று சீர்குலைந்துவிட்டன என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் யார்? மாறியது உணவு, வேலை, நடை, உறக்கம். அப்படி ஏறிய எடை ஓர் அளவைத் தாண்டிவிட்டால், உடம்பே அதற்குக் காவல் நிற்கத் தொடங்குகிறது. மெல்போர்ன் நகரில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடுமையான பத்தியத்தில் வைத்து எடையைக் குறைத்தவர்கள், ஓராண்டு கழித்து அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் சுரப்புகள் அப்போதும் தணியாமல் உயர்ந்தே இருந்தன என்று 2011இல் வெளியிட்டார்கள். நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் பத்துக் கிலோ குறைத்துவிட்டுப் பன்னிரண்டு ஏற்றிக்கொள்வதைப் பார்த்துச் சிரிக்கிறவர், அம்மனிதர் இரவும் பகலும் தம் இரத்தத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதை அறியாமல் சிரிக்கிறார்.

அடுத்து, நாலே மாதத்தில் மெலியலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு. சிகிச்சை முடிந்த நாளிலிருந்து உங்களுக்கு நேர இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். நூறு பேரில் ஓரிருவருக்குத் தையற்கோட்டில் கசிவு ஏற்படலாம். காய்ச்சல், தணியாத வயிற்று வலி, படபடவென்ற நாடி இவற்றில் எது கண்டாலும் அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓட வேண்டும். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் அபாயமும் உண்டு. முதல் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் கூழாக மசித்தது, அதற்கப்பால் குழைந்தது என்று ஒரு குழந்தைக்குச் சோறுண்ணக் கற்பிக்கும் கிரமத்தில் உங்கள் வயிற்றுக்கு நீங்களே கற்பிக்க வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி முன்னும் அரை மணி பின்னும் கூடாது. ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பது நடவாத காரியம். மேட்டூர்ச் சித்திரை வெயிலில், அதிலும் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவருக்கு, நாள் முழுவதும் வாய் வாயாகப் பருகிக்கொண்டிருந்தாலொழிய உடம்பில் நீர் வற்றிவிடும் என்பதை விளம்பரப் பலகை எதுவும் எழுதுவதில்லை.

புரதம் நாளொன்றுக்கு அறுபது கிராமேனும் வேண்டும் என்கிறார்கள். நாட்டுக்கே முட்டை அனுப்பும் நாமக்கல் நமக்குப் பக்கத்தில் இருந்தும், ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம்தான். பத்து முட்டைக்குச் சமமான புரதத்தை, ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம் கொள்ளாத வயிற்றுக்குள் செலுத்துவது எப்படி? முட்டையும் அணை மீனும் தயிரும் பயறும் முதலில், சோறு கடைசியில் என்று தலைமுறை தலைமுறையாக வந்த தட்டின் வரிசையையே தலைகீழாக்கினால்தான் அது ஆகும். அப்படியும் மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரும்; பெரும்பாலும் மறுபடி வளர்ந்துவிடும் என்று முன்கூட்டிச் சொல்லப்படாத பெண்கள் அப்போது அழுகிற அழுகை கொஞ்சமன்று. வேகமாக இளைப்பவருக்குப் பித்தப்பையில் கல் சேரலாம். பி-12, இரும்புச் சத்து, கால்சியம், டி வைட்டமின் ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொள்ளவும், ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்கவும் வேண்டும். தோல் தொங்கும். நெஞ்செரிச்சல் சிலருக்குப் புதிதாகத் தொடங்கும்; முன்பே இருந்தவருக்கு முற்றும்.

இத்தனைக்கும் பிறகு பலன் எவ்வளவு? ஃபின்லாந்து தேசத்தில் 2008 முதல் 2010 வரை 240 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு இந்தச் சிகிச்சையும் மற்றப் பாதிக்கு இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ சிகிச்சையும் செய்து, பத்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். இரைப்பையைக் குறைத்துக்கொண்டவர்கள் பத்தாம் ஆண்டு முடிவில் தங்கள் அதிகப்படி எடையில் சராசரியாக நூற்றுக்கு 43.5 பங்கு இழந்திருந்தார்கள்; 31 சதவீதம் பேருக்கு உணவுக் குழலில் அமிலத்தால் புண் கண்டிருந்தது. ஐந்தரை அடி உயரமும் 120 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு எழுபது கிலோவை இயல்பென்று கொண்டால் அதிகப்படி ஐம்பது; அதில் அவர் பத்தாண்டுக்குப் பின் இழந்து நிற்பது ஏறக்குறைய 22 கிலோ. முதல் ஒன்றரை ஆண்டில் அதைக் காட்டிலும் மிகுதியாகக் குறைந்து, பிறகு ஒரு பகுதி திரும்பி வந்து, 98 கிலோவில் நிற்கிறார். பாயசமும் ஐஸ்கிரீமும் சர்க்கரைத் தேநீரும் அந்தக் குறுகிய குழலில் ஒரு தடையுமின்றி இறங்கிவிடும் என்பதால், கட்டுப்பாடு தளர்ந்தவருக்கு இதைவிட அதிகமாகவே திரும்பும்.

ஆனால் அந்த 98 கிலோவை அற்பம் என்று தள்ளுகிறவரோடும் நான் உடன்படேன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையினர் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சியில், ஐந்தாண்டு கழித்து இரத்தச் சர்க்கரையை இயல்புக்கு மிக அருகில் வைத்திருந்தவர்கள் மருந்தை மட்டும் நம்பியவர்களில் நூற்றுக்கு ஐவர். ஸ்லீவ் செய்துகொண்டவர்களில் இருபத்து மூவர். நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை வியாதி உள்ள நம் மாநிலத்தில் இது சிறு லாபமன்று. எவருக்கு இது தகும் என்பதற்கும் கணக்கு உண்டு. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 40 ஆனாலும், 35 ஆகி இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்றவை கூடியிருந்தாலும் இன்ஷூரன்ஸ் விதிகள் இதை ஒப்புக்கொள்கின்றன. ஆசிய உடலமைப்புக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம் என்று 2022இல் சர்வதேச மருத்துவ சங்கங்கள் கூறின. முகூர்த்தத்துக்கு முன் பத்துக் கிலோ குறைய வேண்டும் என்பது எந்த விதியிலும் இல்லை.

முகூர்த்தம் என்றேன், நான் மனம் நொந்து எழுதும் இடம் இதுதான். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று ரகசியமாகச் சிகிச்சை செய்வித்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு மறைத்து, மணம் முடித்து அனுப்பிவிடுகிற குடும்பங்கள் உண்டு. எடை இறங்கிக்கொண்டிருக்கும் முதல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களுக்குக் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள். தாயின் உடம்பிலேயே சத்துப் போதாத காலம் அது. புகுந்த வீட்டிலோ மூன்றாம் மாதத்திலேயே “ஏம்மா, ஏதாச்சும் விசேஷம் உண்டா?” என்று கேள்வி தொடங்குகிறது. அவள் என்ன பதில் சொல்வாள்? இரண்டு கவளத்தில் எழுந்துவிட்டால் ‘கொழுப்பு’ என்கிறார்கள். மாத்திரை விழுங்கினால் நோயாளி என்கிறார்கள். சிகிச்சையைக் குறுக்கு வழியென்று ஊர் இகழாதிருந்தால் அவள் அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. மறைக்காதிருந்தால் அவளுக்கும் அவள் வயிற்றில் வரப்போகிற சிசுவுக்கும் வேண்டிய பாதுகாப்பு கிடைத்திருக்கும்.

விருந்தோம்பலில் பேர்போன நம் கொங்குச் சீமையில் அன்புக்கு அளவுகோல் இலையில் விழும் கரண்டிகளின் எண்ணிக்கை. “கை நனைக்காம போனா எப்படிங்க மாமா?” என்று வழிமறிக்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் மறிக்கிறார். ஆனால் பந்தியில் அமர்ந்து, அரிசிம்பருப்புச் சாதத்தில் நாலு வாய் உண்டு, ஐந்தாவது வாயில் நெஞ்சடைத்து எழுந்து போய் வாந்தியெடுத்த ஒருவரிடம், “அறுத்துக்கிட்டவன் இப்படித்தான்” என்று சொல்வது எந்த விருந்தோம்பலில் சேர்த்தி?

நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களை எண்ணிப் பாருங்கள். பருத்த உடம்பினால் தூக்கத்தில் மூச்சடைத்து, இரவெல்லாம் உறங்கியும் உறங்காதவராகி, பகலில் ஸ்டியரிங்கில் கண்ணயர்கிற நோய் அவர்களிடம் உண்டு. எடை குறைந்தால் அது பெரும்பாலும் தணிகிறது, அவர் உயிரோடு சாலையில் எதிரே வருகிறவர் உயிரும் பிழைக்கிறது. சிகிச்சைக்குத் தகுதி அவரைப்போல் வேறெவருக்கு? எனினும் மூன்று மணிக்கொரு தடவை சிறிதளவு புரத உணவு, மென்று தின்ன இருபது நிமிஷம், விட்டுவிட்டுத் தண்ணீர் என்ற விரதத்தை நாக்பூர் சாலையில் நள்ளிரவுப் பரோட்டாக் கடையில் அவர் எப்படி நடத்துவார்? மதுவின் கதை இன்னும் கொடியது. குறுகிய இரைப்பையில் மது தங்காமல் விரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. உணவில் ஆறுதல் கண்டிருந்தவர் குடியில் அதைத் தேடத் தொடங்கும் ஆபத்தை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இவை ஓட்டுநருக்கும் லாரி முதலாளிக்கும் முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட வேண்டியவை.

2025 மார்ச்சில் எடை குறைக்கும் ‘மவுன்ஜாரோ’ ஊசி இந்தியாவுக்கு வந்தது முதல், அதே குறுக்கு வழிப் பேச்சு ஊசிக்கும் தாவிவிட்டது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதை அங்கேயும் யாரும் முதலில் சொல்வதில்லை.

ஆகையால் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் இந்தச் சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளை நான் கேட்பது இது. சிகிச்சைக்கு முந்திய படத்தையும் ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தையும் பலகையில் மாட்டுகிற நீங்கள், அதே மனிதர் பத்தாம் ஆண்டில் எத்தனை கிலோ இருக்கிறார், எத்தனை மாத்திரை உண்கிறார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அவசர நிலைக்கு வேண்டிய சாதனங்களும் மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உங்கள் கட்டிடத்துக்குள்ளேயே இருக்கின்றனவா என்று கேட்கிற நோயாளிக்குக் கோபிக்காமல் பதில் சொல்லுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு நாள், சமையல் செய்கிற மனைவியையும் பரிமாறுகிற மாமியாரையும் கூடவே அழைத்து உட்கார வைத்து, இனிமேல் அந்த வீட்டில் எவ்வளவு பரிமாறப்பட வேண்டும் என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.