கலக்கப்பட்ட சீட்டுகள்

2022 அக்டோபர் 17 அன்று மகாராஷ்டிர காங்கிரஸின் பிரதிநிதிகள் மும்பை தாதரில் உள்ள திலக் பவனில் வாக்களித்தார்கள். கட்சியின் அகில இந்தியத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அது. மல்லிகார்ஜுன கார்கே ஒருபுறம், சசி தரூர் மறுபுறம். சென்னையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் அந்தந்த மாநிலப் பிரதிநிதிகள் அதே நாளில் வாக்களித்தார்கள். இரண்டு நாள் கழித்து தில்லியில் எண்ணினார்கள். கார்கேக்கு 7,897, தரூருக்கு 1,072, செல்லாதவை 416.

இந்த எண்களுக்குள் மகாராஷ்டிரம் எங்கே? தமிழ்நாடு எங்கே? யாருக்கும் தெரியாது. எல்லா மாநிலங்களின் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கிய பிறகே எண்ணுவது என்று தேர்தலை நடத்திய மதுசூதன் மிஸ்திரி முன்கூட்டியே அறிவித்திருந்தார். எந்த மாநிலம் யாருக்கு வாக்களித்தது என்பது வெளியே தெரியக் கூடாது என்பதே நோக்கம்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்கப் போகிறவருக்கு வாக்களித்த மாநிலம் என்று பெயர் எடுத்துவிட்டால், அங்குள்ள தொண்டருக்கு அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்காது என்ற பயம் உண்மையானது. ஆனால், இந்த ஏற்பாடு வேறொன்றையும் ஒப்புக்கொள்கிறது: மாற்றி வாக்களித்தவர்களைக் காப்பாற்ற அவர்களை மறைத்தாக வேண்டும். கட்சியே தன் உறுப்பினருக்குத் தரும் சான்றிதழ் இது.

அமெரிக்காவில் நடப்பது இதற்கு நேர் எதிர். அதிபர் வேட்பாளரை முடிவு செய்யும் 'பிரைமரி' என்ற முதற்கட்டத் தேர்தலில் மாநிலவாரி முடிவுதான் எல்லாமே. நியூ ஹாம்ப்ஷயர் மிகச் சிறிய மாநிலம். ஆனால் முதலில் வாக்களிக்கும் மாநிலங்களில் ஒன்று என்பதால் உலகமே அதைக் கவனிக்கிறது. 1968இல் அங்கே பதவியில் இருந்த அதிபர் ஜான்சன், வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியைவிட அதிக வாக்குகள்தான் பெற்றார். என்றாலும் மெக்கார்த்திக்கு 42 சதவீதம் கிடைத்தது. அந்த மாதம் முடிவதற்குள் தான் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் அறிவித்துவிட்டார். ஜெயித்தவரை வீட்டுக்கு அனுப்பிய முடிவு அது. சீட்டுகளைக் கலக்கியிருந்தால் இந்தச் செய்தி அவரை எட்டியிருக்காது.

அமெரிக்க முறையும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1912இல் தியோடர் ரூஸ்வெல்ட் பிரைமரி நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றை வென்றார். ஆனால் சிகாகோ மாநாட்டில் கட்சி நிர்வாகிகள் அதிபர் டாஃப்ட்டுக்கே வேட்பாளர் பதவியைக் கொடுத்தார்கள். ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார். இருவரும் தோற்று, வுட்ரோ வில்சன் அதிபரானார். 1968இலும் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாத ஹம்ஃப்ரிதான் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர். அதில் எழுந்த கோபத்தில்தான் 1972க்குள் விதிகள் மாறின. அதன் பிறகே பிரைமரியில் வாக்காளர் சொல்வது மாநாட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது.

காங்கிரஸில் இப்படியொரு சண்டை மூண்டபோதெல்லாம் அதில் புனேக்காரர் ஒருவரின் பெயர் அடிபட்டிருக்கிறது. காங்கிரஸின் முதல் மாநாடே 1885இல் புனேயில்தான் நடப்பதாக இருந்தது. காலரா பரவியதால் பம்பாய்க்கு மாறியது. அந்த ஊரின் இரு பெரும் தலைவர்கள் கோகலேயும் திலகரும். கோகலே 1905இல் காசி மாநாட்டுக்குத் தலைவரானார். திலகருக்கு அந்த நாற்காலி கிடைக்கவே இல்லை.

1907இல் மாநாடு நாகபுரியில் நடக்க வேண்டியிருந்தது. அங்கே திலகரின் ஆதரவாளர்கள் பலமாக இருந்தார்கள். மிதவாதிகள் இடத்தை சூரத்துக்கு மாற்றினார்கள். ராஷ்பிகாரி கோஷ் தலைவர் என்று முடிவானது. டிசம்பர் 27 அன்று, தலைவர் தேர்வு குறித்துத் திருத்தம் கொண்டுவர வேண்டும் என்று திலகர் மேடையேறி நின்றார். அனுமதி மறுக்கப்பட்டது. கூட்டத்திலிருந்து பறந்து வந்த மராத்தியச் செருப்பு ஒன்று சுரேந்திரநாத் பானர்ஜி மீதும் பெரோஸ்ஷா மேத்தா மீதும் பட்டது. நாற்காலிகள் உடைந்தன, கட்சி இரண்டானது. வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் திலகர் அணியில் நின்று அந்த மாநாட்டில் கலந்துகொண்டவர்கள். பிரிந்தவர்கள் மறுபடி சேர 1916 வரை ஆனது. 1918 தில்லி மாநாட்டுக்குத் திலகர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் சிரோல் மீது தொடுத்த வழக்குக்காக அவர் இங்கிலாந்து போக வேண்டியிருந்தது. மதன் மோகன் மாளவியா தலைமை வகித்தார். தலைவர் பதவியில் ஒரு நாளும் அமராதவரின் பெயர் தாங்கிய கட்டடத்தில்தான் 2022இல் மகாராஷ்டிரம் தலைவருக்கு வாக்களித்தது.

1939ஆம் ஆண்டு கதையே வேறு. சுபாஷ் சந்திர போஸுக்கு 1,580 வாக்குகள். பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1,377. பிரதிநிதிகள் அவரவர் மாகாணத்தில் வாக்களித்தார்கள். முடிவும் மாகாணவாரியாகவே தெரிந்தது. வங்காளம் போஸுக்கு அள்ளிக் கொடுத்தது. ஆந்திரமும் குஜராத்தும் பட்டாபி பக்கம் நின்றன. நாட்டின் எந்த மூலையில் என்ன நினைக்கிறார்கள் என்று அன்றைய பத்திரிகை வாசகருக்குத் தெரிந்தது. பட்டாபியின் தோல்வி தன்னுடைய தோல்வியே என்றார் காந்தி. திரிபுரி மாநாட்டுக்குப் பிறகு, காரியக் கமிட்டியை அமைக்க முடியாத நிலையில், ஏப்ரல் மாத இறுதியில் போஸ் ராஜினாமா செய்தார். வாக்கு எண்ணிக்கையில் ஜெயித்தார். கட்சிக்குள் ஜெயிக்க முடியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950இல் மும்முனைப் போட்டி. புருஷோத்தம தாஸ் டாண்டன் 1,306, ஆச்சார்ய கிருபளானி 1,092. மூன்றாவதாக நின்றவர் சங்கரராவ் தேவ். புனே மாவட்டத்தின் போர் ஊரைச் சேர்ந்தவர். கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர். அவருக்கு 202 வாக்குகள். மொத்தம் 2,600 வாக்கில் பாதி 1,300. டாண்டன் பாதியைத் தாண்டியது ஆறே வாக்குகளில். பின்னணியில் டாண்டனுக்கு படேல், கிருபளானிக்கு நேரு. அடுத்த ஆண்டே டாண்டன் விலக, நேரு தலைவரானார். கிருபளானி கட்சியை விட்டே போய்விட்டார். தேவ் வினோபாவின் சர்வோதய இயக்கத்துக்குப் போனார்; 1963இல் தில்லியிலிருந்து பீகிங் நோக்கிய நட்புறவு நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கினார். மூவரில் ஒருவருக்கும் அந்தத் தேர்தல் நிலைத்த பலன் எதையும் தரவில்லை.

புனே மாவட்டத்திலிருந்து அடுத்துப் போட்டியிட்டவர் பாராமதியின் சரத் பவார். 1992 திருப்பதி மாநாட்டில் காரியக் கமிட்டிக்குப் பல வருடங்களுக்குப் பிறகு தேர்தல் நடந்தது. அர்ஜுன் சிங்கும் பவாரும் ஜெயித்து வந்தார்கள். தாழ்த்தப்பட்டோரோ பெண்களோ தேர்வாகவில்லை என்று காரணம் சொல்லி, தேர்வானவர்களை ராஜினாமா செய்ய வைத்தார் நரசிம்ம ராவ். சொன்ன குறை நிஜமானது. ஆனால் நியமனம் மறுபடி தலைவரின் கைக்கு வந்துவிட்டது. 1997இல் பவார் தலைவர் பதவிக்கே நின்றார். சீதாராம் கேசரிக்கு 6,224, பவாருக்கு 882, ராஜேஷ் பைலட்டுக்கு 354. மறு வருடமே கேசரி இறக்கப்பட்டு சோனியா காந்தி தலைவரானார். 1999 மே மாதம் பவார் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஜூன் 10 அன்று தேசியவாத காங்கிரஸைத் தொடங்கினார்.

இங்கே ஒரு கணக்கு. செல்லத்தக்க வாக்குகளில் 1997இல் பவார் பெற்றது சுமார் 12 சதவீதம். 2022இல் தரூர் பெற்றதும் சுமார் 12 சதவீதம். ஒருவர் நாலு முறை முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர், அடிமட்டத்திலிருந்து வந்த அமைப்பாளர். மற்றவர் ஐ.நா.விலிருந்து வந்த எழுத்தாளர். இடையில் 25 வருடங்கள். ஆட்கள் மாறியும் விகிதம் மாறவில்லை என்றால், அந்த எண் வேட்பாளரைப் பற்றியதாக இருக்க முடியாது. வாக்காளரைப் பற்றியது அது. பிரதிநிதிகளில் பலர் தேர்ந்தெடுக்கப்படுவதைவிடப் பரிந்துரைக்கப்படுவதே வழக்கம். தன்னைப் பிரதிநிதியாக்கியவர் யாரோ, அவர் காட்டும் பக்கம் கை போகிறது. 2022 செப்டம்பரில் தரூர், மணீஷ் திவாரி, கார்த்தி சிதம்பரம் உள்ளிட்ட ஐந்து எம்.பி.க்கள் கேட்டதும் இதைத்தான்: வாக்காளர் பட்டியலைக் காட்டுங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் பிரைமரியை நடத்துவது மாநில அரசு. பட்டியலும் அரசுப் பதிவேடு. இங்கே பட்டியலே வேட்பாளர் கேட்டு வாங்க வேண்டிய பொருள்.

புதுக் கட்சி கண்ட பவார் பழைய கட்சியின் குறையைத் தீர்த்தாரா? 2023 மே 2 அன்று தலைவர் பதவியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். கட்சிக் குழு ஏற்க மறுத்தது; மூன்றே நாளில் திரும்பினார். போட்டி என்ற பேச்சே எழவில்லை. ஜூலையில் அண்ணன் மகன் அஜித் பவார் பெரும்பாலான எம்.எல்.ஏ.க்களோடு பிரிந்தார். 2024 பிப்ரவரி 6 அன்று தேர்தல் கமிஷன் கட்சியின் பெயரையும் கடிகாரச் சின்னத்தையும் அஜித் பவார் அணிக்குக் கொடுத்தது. கட்சி அமைப்பில் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்க இரு தரப்பு ஆவணங்களும் உதவவில்லை, எம்.எல்.ஏ., எம்.பி.க்களின் தலையை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடம் சிவசேனை வழக்கிலும் இதே கதி. உள்கட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்தாத கட்சி, நெருக்கடி வரும் நாளில் தன் தொண்டனைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. கொடி கட்டியவனுக்கும் போஸ்டர் ஒட்டியவனுக்கும் தன் கட்சி யாருடையது என்று சொல்லும் உரிமை அங்கே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது அயலூர்ச் செய்தி அல்ல. அ.தி.மு.க.வில் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. ஏட்டளவில் அமெரிக்க பிரைமரிக்கு ஈடான விதி. 2022இல் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிந்து, பத்துப் பேர் வழிமொழிந்தால்தான் போட்டியிடலாம் என்று அது இறுக்கப்பட்டது. ஓ.பன்னீர்செல்வம் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. 2023 மார்ச் 28 அன்று எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்பட்டார். தி.மு.க.வில் 2018 ஆகஸ்டில் ஸ்டாலின் தலைவரானதும் போட்டியின்றித்தான்.

மாற்று உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1954இல் ராஜாஜி விலகியதும் சென்னை மாகாணக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி. காமராஜுக்கு 93, சி.சுப்பிரமணியத்துக்கு 41. எண்கள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. ஜெயித்தவர் செய்த முதல் காரியம், தோற்றவரையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டது. 41 என்ற எண் யாருக்கும் தண்டனையாக மாறவில்லை. சீட்டுகளைக் கலக்க வேண்டிய தேவை எப்போது இல்லாமல் போகும் என்பதற்கு விடை அந்த அமைச்சரவைப் பட்டியலில் இருக்கிறது.

காங்கிரஸ் அமெரிக்க முறையைப் பெயரோடு இறக்குமதி செய்து பார்த்ததும் உண்டு. 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் ராகுல் காந்தியின் யோசனைப்படி சுமார் 15 தொகுதிகளில் வேட்பாளரைக் கட்சி நிர்வாகிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். மகாராஷ்டிரத்தில் வார்தா அதில் ஒன்று. அங்கே ஜெயித்தவர் அப்போதைய எம்.பி. தத்தா மேகேயின் மகன் சாகர் மேகே. பொதுத் தேர்தலில் அவர் தோற்றார். வடோதராவில் நரேந்திர ராவத் என்ற உள்ளூர்க்காரர் பிரைமரியில் வென்றார். நரேந்திர மோடி அங்கே போட்டியிடுகிறார் என்றதும் அவர் ஒதுங்கிக்கொள்ள, கட்சி நிறுத்திய வேட்பாளர் மதுசூதன் மிஸ்திரி. எட்டு வருடம் கழித்து தலைவர் தேர்தலை நடத்திய அதே மிஸ்திரி. புனேயில் அந்தச் சோதனை நடக்கவில்லை. மறைந்த தலைவர் பதங்ராவ் கதமின் மகன் விஸ்வஜித் கதமுக்கு டிக்கெட் கொடுக்கப்பட்டது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் பா.ஜ.க.வின் அனில் ஷிரோலேயிடம் தோற்றார். பிரைமரி நடந்த இடத்திலும் வாரிசு, நடக்காத இடத்திலும் வாரிசு, இரண்டிலும் தோல்வி.

இதைக் காட்டி பிரைமரி இந்தியாவுக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் நடந்தது பிரைமரியே அல்ல. சில ஆயிரம் நிர்வாகிகள் பங்குகொண்ட ஏற்பாடு அது. பிரதிநிதிப் பட்டியலில் இருக்கும் குறை அப்படியே அதிலும் இருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி கட்சிகளைப் பதிவு செய்கிறது தேர்தல் கமிஷன். உள்கட்சித் தேர்தல் நடத்தச் சொல்லி நினைவூட்டலாம். ஆனால் நடத்தாத கட்சியின் பதிவை அந்தக் காரணத்துக்காக ரத்து செய்யும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆக, மாற்றம் மேலிருந்து வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வாக்குச்சாவடியில் நிற்கும் புனேக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் முன்னால் இருக்கும் பட்டியல் ஏற்கெனவே சுருக்கப்பட்ட பட்டியல். அதைச் சுருக்கியது யார், எத்தனை பேர், என்ன கணக்கில் என்ற மூன்று கேள்விகளுக்குக் கட்சிகள் இன்றுவரை எழுத்தில் பதில் தருவதில்லை. உறுப்பினர் பட்டியலை வெளியிட்டு, வாக்குகளை மாநிலவாரியாக எண்ணி, தோற்றவரை அருகில் உட்கார வைத்துக்கொள்ளும் முதல் கட்சி எதுவோ, அதுதான் அடுத்த பிளவின்போது தன் தொண்டர்களைத் துணைக்கு அழைக்க முடியும்.