கைக்குக் கை போகும் சமாதானம்

ஞாயிறு ஆராதனைக்கு ஒரு முறைமை உண்டு. துவக்கப் பாடல், பாவ அறிக்கை, சங்கீதம், வேதபாடம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், வேண்டுதல், காணிக்கை, திருவிருந்து, ஆசீர்வாதம் என்று வாரந்தோறும் அது பெரும்பாலும் ஒரே வரிசையில் வரும். சின்ன வயதிலிருந்து கேட்டவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே மறுமொழி சொல்வார்கள். அந்த மனப்பாடம் ஒரு சொத்து. கண் மங்கிய பாட்டியும் எழுத்து அறியாத கூலித் தொழிலாளியும் ஆராதனை முழுவதிலும் வாய் திறக்க முடிவது அதனால்தான். வாய் சொல்லிக்கொண்டிருக்க மனம் வயலுக்கோ கடைக்கோ போய்விடுவதும் அதனால்தான். ஆராதனையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு இந்த இடத்தில் பிறக்கிறது. வரிசையைக் கலைக்காமல் சபையாரின் கைக்கும் வாய்க்கும் என்ன வேலை கொடுப்பது என்பதே அதில் முதன்மையான கேள்வி. தமிழ்த் திருச்சபை முந்நூறு ஆண்டுகளாக அதற்குப் பதில் தேடிவருகிறது.

முதல் மாற்றம் பாட்டில் நடந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கும் அவர் வழி வந்தவர்களும் ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கி அதே ராகங்களில் பாடவைத்தார்கள். அவை ஞானப்பாட்டுகள் என்று பெயர் பெற்றன. பொருள் தமிழில் இருந்தாலும், அந்நிய மெட்டுக்குள் அடங்குவதற்காகக் குறில் நீள வேண்டியிருந்தது, நெடில் குறுக வேண்டியிருந்தது. இதற்கு மாற்று தஞ்சாவூரிலிருந்து வந்தது. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, இரண்டாம் சரபோஜி மன்னருடன் பயின்ற வேதநாயக சாஸ்திரியார், தமிழ் மண்ணின் வடிவங்களைக் கையில் எடுத்தார். குறத்தி குறி சொல்லும் குறவஞ்சியில் பெத்லகேமைக் கொண்டுவந்தார். கீர்த்தனைகளைக் குவித்தார். அவற்றில் பலவற்றைச் சேர்த்து, அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் சபைகளுக்கான பாட்டுப் புத்தகமாக அச்சிட்டார். இன்று ஆலயத்துப் பலகையில் மேல்நாட்டு ராகப் பாமாலை எண்ணும் கீர்த்தனை எண்ணும் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. கீர்த்தனை தந்த பெரிய கொடை பல்லவி. சரணம் தெரியாதவரும் திரும்பத் திரும்ப வரும் பல்லவியில் சேர்ந்துகொள்வார். புத்தகம் இல்லாதவருக்கும் பாட்டில் ஓர் இடம் கிடைத்தது.

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு, அதை மறைப்பது முறையல்ல. தஞ்சைப் பகுதிச் சபைகளில் அக்காலத்தில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள், திருவிருந்திலும் அந்தப் பிரிவு நுழைந்தது. அதை ஒழிக்க முயன்ற இளைய மிஷனரிகளைச் சாஸ்திரியார் எதிர்த்து எழுதினார். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது பலர் சபையை விட்டே விலகினார்கள். பாட்டில் அவ்வளவு துணிந்த மனம் பந்தியில் துணியவில்லை. வழிபாட்டில் வரும் எந்தப் புதுமையையும் எடைபோட இந்தச் செய்தி உதவும். அது காதுக்கு இனிமை சேர்த்ததா என்பதோடு, பக்கத்தில் நிற்பவரை எவ்வளவு நெருங்கவைத்தது என்றும் பார்க்க வேண்டும்.

அப்படி நெருங்கவைத்த முறை ஒன்று தென்னிந்தியத் திருச்சபையில் உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் ஒன்றாயின. ஆளுக்கொரு பழக்கத்தோடு வந்தவர்களுக்குப் பொதுவான திருவிருந்து முறைமை ஒன்று தேவைப்பட்டது. லெஸ்லி பிரவுன் முன்னின்று நடத்திய குழு அதை வகுத்தது. 1950-இல் மதுரையில் கூடிய திருச்சபைப் பேரவையான சினாடில் அது முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. குருவானவர் சபைக்கு முதுகு காட்டாமல் மேசைக்குப் பின்னால் முகம் பார்த்து நின்றார். அப்பமும் ரசமும் காணிக்கையோடு சேர்ந்து சபையார் நடுவிலிருந்து பவனியாக வந்தன. கேரளத்தின் பழைய சிரியன் சபையிடமிருந்து சமாதானம் கொடுக்கும் வழக்கம் எடுத்துக்கொள்ளப்பட்டது. கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் படும், இருவரின் இடக்கைகளும் மேலே மூடிக்கொள்ளும். பீடத்தில் தொடங்கிக் கடைசி வரிசை வரை அது கைக்குக் கை போகும். தொட்டால் தீட்டு என்று சொல்லிவந்த நாட்டில், பிரசங்கம் மணிக்கணக்கில் சொல்லக்கூடியதை அந்தத் தொடுகை அரை நிமிடத்தில் செய்துகாட்டியது. பின்னாளில் உலகின் பல சபைகள் தங்கள் முறைமையைத் திருத்தியபோது இந்த 1950 வரிசையைப் படித்துப் பயன்கொண்டன.

கத்தோலிக்கத் திருச்சபையில் கதவு 1963-இல் திறந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு இடம் தந்தது. 1969-இல் இந்திய ஆயர்கள் கேட்ட பன்னிரண்டு மாற்றங்களை உரோமை ஏற்றது. தரையில் அமர்தல், காலணி கழற்றுதல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி, எண்ணெய் விளக்கு ஆகியவை அவற்றில் அடங்கும். இதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர் தமிழரான அமலோர்பவதாஸ் அடிகள். அந்த அடையாளங்கள் எந்தச் சமூகத்தாருடையவை என்ற கேள்வியைத் தலித் கிறிஸ்தவர்கள் பிறகு எழுப்பினார்கள். கேள்வி நியாயமானது.

அந்தக் கேள்வியை இசையிலேயே கேட்டவர் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் பேராசிரியர் தியோபிலஸ் அப்பாவு. மாணவர்களுக்கு அவர் பரட்டை அண்ணன். மேல்நாட்டு ராகமும் கர்நாடக இசையும் படித்தவர்களின் சொத்து, சேரியிலும் வயலிலும் இருக்கிறவனின் இசை நாட்டுப்புறப் பாட்டு என்பது அவர் வாதம். திருவிருந்து முறைமை முழுவதையும் கிராமிய இசையில் அமைத்தார். சாவு வீட்டோடு ஒதுக்கிவைக்கப்பட்ட பறை பீடத்தருகே வந்தது. கடவுளை ‘பெத்தவரே’ என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லில் தாயும் தகப்பனும் அடங்கினார்கள். நாட்டுப்புறப் பாட்டை யாரும் தங்கள் ஊருக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பதையும் அவர் பெரிதாக நினைத்தார். பாட்டு சபைக்குச் சொந்தமாவது அப்படித்தான். ஒரே உலையில் வெந்த சோற்றை எல்லோரும் பகிர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்று சொல்லிவந்த அவர் 2005-இல் மறைந்தார்.

அந்த உலை நெல்லைச் சீமைக்குப் புதிதல்ல. அங்கே அசனப் பண்டிகையன்று வீடுவீடாக வந்த அரிசியும் காய்கறியும் ஆடும் ஆலய வளாகத்தில் ஒன்றாகச் சமைக்கப்படும், ஊரே பந்தியில் அமரும். சமைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே போட்டுவைத்துக் காணிக்கையாகப் படைக்கும் பெண்கள், அடுப்படியையே ஆராதனையோடு இணைத்துவிட்டார்கள். அறுப்பின் பண்டிகையில் பூசணியும் வாழைத்தாரும் கோழியும் பீடத்தண்டை போய்ப் பிறகு முற்றத்தில் ஏலத்துக்கு வருகின்றன. இவற்றை யாரும் படைப்பூக்க வழிபாடு என்று பெயரிட்டு அழைப்பதில்லை.

சாதாரண ஞாயிற்றுக்கு வருவோம். முறைமையில் எல்லா இடமும் ஒரே அளவுக்கு நெகிழ்வதில்லை. விசுவாசப் பிரமாணமும் திருவிருந்து ஜெபமும் ஒரே முறைமையைப் பின்பற்றும் சபைகளுக்குப் பொதுவானவை, அங்கே கைவைக்க வேண்டியதில்லை. வேதபாடம் நன்றாக நெகிழும். உவமையையோ பாடுகளின் வரலாற்றையோ கதைசொல்லி ஒருவர், பாத்திரங்கள் சிலர், கூட்டத்தின் குரலாகச் சபையார் எனப் பிரித்து வாசித்தால், குருத்தோலையோடு ஓசன்னா பாடிய வாயே சிலுவையில் அறையச் சொல்லிக் கத்த நேரும். கேட்பவர் யாரும் பிறகு ஒதுங்கி நிற்க முடியாது. இதற்கு ஒரு வாரம் முன்பே பகுதியைக் கொடுத்து, சனிக்கிழமை மாலை ஒலிபெருக்கி முன் ஒருமுறை வாசிக்கவைக்க வேண்டும். அவசரத்தில் கூப்பிட்டு நிறுத்தினால் தடுமாறும் வாசகருக்கும் வெட்கம், வசனத்துக்கும் சேதம்.

வேண்டுதல் பகுதி இன்னும் வளமானது. புத்தகத்தில் பொதுவாக நோயாளிகளுக்காக என்று இருப்பதை, அந்த வாரம் மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஒருவரே வேண்டினால் சபை வேறு விதமாக ஆமென் சொல்லும். மழை பொய்த்த ஊரில் விவசாயியும், தேர்வு மாதத்தில் மாணவியும், கடலோரச் சபையில் மீனவரின் மனைவியும் ஒவ்வொரு விண்ணப்பம் எழுதிவரலாம். இரண்டு வாக்கியம் போதும். காணிக்கைப் பவனியில் அப்பத்தை எடுத்துவரும் வேலை எப்போதும் கமிட்டிக்காரர்களுக்கே போகிறது. புதிதாகக் குடிவந்த குடும்பமோ சக்கர நாற்காலியில் வருபவரோ அதை எடுத்துவர எந்தச் சட்டத்திலும் தடையில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு ஞாயிறு தந்து கைதட்டி அனுப்புவதைவிட, மாதந்தோறும் ஒரு சங்கீதத்தை முன்னின்று சொல்லவிடுவது மேல்.

திரையும் மின்னிசைக் கருவிகளும் இப்போது பல ஆலயங்களில் புதுமையின் அடையாளமாகிவிட்டன. எழுத்து பெரிதாகத் தெரிவது முதியவர்களுக்கு உதவிதான். ஆனால் மேடையின் ஓசை சபையாரின் ஓசையை விழுங்கும் இடத்தில் பாடுகிறவர்கள் பத்துப் பேர், பார்க்கிறவர்கள் முந்நூறு பேர். கருவிகளைக் கடைசிச் சரணத்தில் நிறுத்திவிட்டு வெறும் குரலில் பாடச் சொல்லலாம். சபை பாடிக்கொண்டிருந்ததா இல்லையா என்பது அந்த நான்கு அடிகளில் தெரிந்துவிடும்.