கடைக்கு முன் ஒரு மணி நேரம்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினியில் லினக்ஸை நிறுவினேன். வைஃபை மட்டும் வரவில்லை. "நானாவிடம் கொடு, கடைக்குக் கொண்டுபோகட்டும்" என்றார் உம்மா. ஒரு மணி நேரம் கேட்டேன்.

வைஃபை அட்டை இயங்க 'ஃபேர்ம்வெயார்' என்ற சிறு மென்பொருள் வேண்டும். சில அட்டைகளுக்கு அது லினக்ஸுடன் சேர்ந்து வருவதில்லை. இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையமோ இல்லை! கைப்பேசியை யூஎஸ்பி வயரால் கணினியுடன் இணைத்து, அதன் டேட்டாவில் இறக்கினேன். கணினியை அணைத்துப் போட்டதும் வைஃபை வந்தது.

1991இல் லினக்ஸைத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸும் பல்கலைக்கழக மாணவரே. பெற்றோரே, பழுதான கருவியைக் கடைக்கு அனுப்புமுன் மகளுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள். சரிவராவிட்டாலும், பழுது எங்கே என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்ல அவள் கற்றிருப்பாள். தோழிகளே, அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கத் தயங்காதீர்கள்.